திரும்பி வந்த பெட்டிகள்

அத்தியாயம் ஆறு

காரைக்கால் தருமபுரத்தில் அந்தப் பழைய பேட்டரி டிப்போவின் வாசலில் நின்றபோது, உள்ளே போனால் மூச்சு விடலாமா கூடாதா என்பதுதான் என் முதல் சந்தேகம்.

"எவ்வளவு நேரம் மூச்ச அடக்குவே?" என்றார் அமீர் நிஷா.

"வாங்கற சம்பளத்துக்குத் தகுந்த மாதிரி லாத்தா. அர நிமிஷம்."

லாத்தா என்றால் அக்கா, காக்கா என்றால் அண்ணன். எங்கள் தெருவில் எல்லோருக்குமே அவர் லாத்தாதான். துறைமுகத்தில் இருபத்தாறு வருடம் சரக்குச் சர்வேயராக இருந்தவர். கப்பலில் ஏறிய சரக்கு இறங்குவதற்குள் எங்கே குறைந்தது என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. ஓய்வு பெற்ற பிறகு அதையே கரையில் செய்கிறார். நான் சுப்ராயன், அவருடைய உதவியாளன். அதற்கு முன் பதினோரு வருடம் கூரியர் கம்பெனியில், வேண்டாம் என்று மக்கள் திருப்பி அனுப்பும் பார்சல்களைச் சுமந்தேன். என் ஜாதகமும் நாலு முறை அப்படித் திரும்பி வந்திருக்கிறது என்பதால் அந்த வேலையில் எனக்கு ஒரு பற்று உண்டு.

நாங்கள் அங்கே வந்ததற்குக் காரணம் வெண்மதி. ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறவள், கணவனை இழந்தவள், ஆறு வயதில் ஒரே பெண். முந்தின நாள் காலை லாத்தா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஒரு ரத்தப் பரிசோதனைத் தாளை நீட்டினாள். பிள்ளையின் ரத்தத்தில் ஈயம். அஞ்சைத் தாண்டினாலே கவலைப்பட வேண்டுமாம். தாளில் இருபத்தெட்டு என்று இருந்தது.

"டாக்டர் மருந்தே எழுதலீங்க. ஈயம் எங்கேருந்து வருதுன்னு கண்டுபுடிச்சு நிறுத்துங்க, அது நிக்காம மருந்து கேக்காதுன்னுட்டாங்க. இன்னும் ஏறுச்சுன்னா மூளையத் தொட்டுடுமாம்."

"உனக்கு யார் மேல சந்தேகம்?" என்றார் லாத்தா.

"சந்தேகமே இல்லீங்க. எங்க வீட்டுப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் பேட்டரி டிப்போ. இங்க மனு குடுத்தா புதுச்சேரிக்குப் போங்கறாங்க. அங்க போனா, காரைக்கால்லயே குடுங்கன்னு திருப்பி அனுப்பறாங்க. நடுவுல நூத்தி முப்பது கிலோமீட்டர். வேற ஊரெல்லாம் தாண்டிப் போயிட்டு வரணும்."

"பிள்ள இப்ப எங்க?"

"அண்ணன் வீட்டுல விட்டுருக்கேங்க. இருவது நாளாச்சு. இந்தக் காத்தே அது மேல படக்கூடாது."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது தமாஷ் சொல்லிச் சமாளித்திருப்பேன். அழாத பெண்களிடம் எனக்கு வாய் எழும்பாது.

டிப்போவின் சொந்தக்காரர் நஸ்ருதீன், வெள்ளைச் சட்டையில் எதிரே வந்தார். பேட்டரித் தொழிலில் வெள்ளைச் சட்டை போடுகிறவன் ஒன்று ரொம்ப நல்லவனாக இருக்க வேண்டும், இல்லை வேலையே செய்யாதவனாக இருக்க வேண்டும். சலாம் சொல்லி, எதையும் மறைக்காமல் உள்ளே கூட்டிப் போனார்.

"சென்னையிலேர்ந்து புது பேட்டரி ஏத்திட்டு வர்ற லாரி சும்மா திரும்பக்கூடாது லாத்தா. அதுதான் கணக்கு. வீட்டுல பழசக் குடுத்தா புதுசுல விலை கொறைக்கறோம். அந்தப் பழசு அதே லாரியில போவுது. பெரிய ஆலையில புகை வெளிய வராம உருக்கி, அதே ஈயத்துல மறுபடி பேட்டரி செய்யறாங்க. மண்ணுக்கும் போவாது, கடலுக்கும் போவாது."

"இங்க ஒடைக்கறதில்லையா?"

"ஒரு பெட்டியத் தொறந்தாக்கூட என் ஏஜென்ஸி போயிடும்."

தரை கழுவி விட்டிருந்தது. பெட்டிகளுக்கு அடியில் அமிலம் சிந்தாமல் இருக்கத் தட்டுகள். சுவரில் கம்பெனி கொடுத்த பச்சை நிறச் சான்றிதழ்: நூற்றுக்கு நூறு திரும்பப் பெறப்பட்டது. எனக்குப் பள்ளிக்கூடத்தில் கிடைக்காத மதிப்பெண் என்பதால் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

லாத்தா கேட்டது வேறு. "இங்க வேல பாக்கறவங்களுக்கு ரத்தம் பாப்பீங்களா?"

"ஆறு மாசத்துக்கு ஒரு தடவ." கோப்பை எடுத்து நீட்டினார். நாலு பேர். எல்லோரையும்விட அதிகம் இருந்தவருக்கு ஏழு.

லாத்தா என்னைப் பார்த்தார். "நாள் பூரா ஈயத்தக் கட்டிப் புடிச்சுத் தூக்கறவனுக்கு ஏழு. சுவருக்கு அந்தப் பக்கம் தூங்கற பிள்ளைக்கு இருபத்தெட்டு. என்னய்யா சொல்றே?"

"சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கறதுதான் டிப்போன்னு சொல்லுவேன்."

நான் விளையாட்டுக்குச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பிள்ளைக்கு வந்த ஈயம் இங்கிருந்து காற்றில் போனதில்லை என்று தெரிந்துவிட்டது. அப்படியானால் ஈயம் வேறு எங்கோ உருகுகிறது. எங்கே என்று தெரியாதவரை அந்தக் குழந்தைக்கு மருந்து கிடையாது. கூடத்தில் அழாமல் உட்கார்ந்திருந்தவளிடம் என்னத்தைச் சொல்வது?

லாத்தா மெல்ல நடந்து, லாரிக்காகக் காத்திருந்த பழைய பேட்டரிகளுக்கு முன்னால் நின்றார். நாற்பது. எல்லாம் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிகள். சிலதில் 786 என்று மார்க்கர் பேனாவில் எழுதியிருந்தது. சிலதில் மாதா படம் ஒட்டியிருந்தது. மிச்சத்தில் போன ஆயுத பூஜையின் சந்தனமும் குங்குமமும் காய்ந்து கிடந்தன. இன்வெர்ட்டருக்குப் பொட்டு வைக்காத வீடு எங்கள் பக்கம் உண்டா? மின்சாரம் போகிற ஊரில் அதுவும் குலதெய்வம்தான்.

"சுப்ராயா, நீ பூஜைக்கு சந்தனம் எப்படிப் பூசுவே?"

"மூணு விரலால மேலேருந்து கீழ ஒரே இழுப்பு."

"மூடியில ஆரம்பிச்சுப் பெட்டியில முடியுமில்ல?"

"ஆமா."

"இதப் பாரு."

பார்த்தேன். மூடியில் மூன்று சந்தனக் கோடுகள் இறங்கின. பெட்டியிலும் மூன்று கோடுகள் இருந்தன. ஆனால் இரண்டும் சேரவில்லை. ஒரு விரற்கடை தள்ளி நின்றன. அடுத்ததிலும் அப்படியே. மூன்றாவதில் இன்னும் அழகு. மூடியின் கோடுகள் முன்பக்கம், பெட்டியின் கோடுகள் பின்பக்கம்.

"சாமி கும்பிட்டப்பவே பேட்டரி திரும்பிப் படுத்துடுச்சோ?" என்றேன்.

"மூடிய அறுத்து எடுத்துட்டு, மறுபடி ஒட்டியிருக்காங்க. ஒட்டினவனுக்கு எது முன், எது பின்னு தெரியல."

பொட்டு வைத்தவற்றில் பதினேழு அப்படி இருந்தன. நஸ்ருதீனின் முகம் சட்டையின் நிறத்துக்கு வந்துவிட்டது. ஏஜென்ஸி போனால் போகட்டும் என்று ஆள்விட்டு ஒன்றைப் பிளக்கச் சொன்னார். உள்ளே ஈயத் தகடு ஒன்றுகூட இல்லை. ஈர மணல் அடைத்திருந்தது. லாத்தா ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பினார். வெள்ளை வெள்ளையாக உடைந்த கிளிஞ்சல்.

"கடல் மணல்" என்றார்.

நஸ்ருதீன் அங்கேயே கம்பெனிக்குப் போன் போட்டார். திரும்பி வருவதைப் பார்த்துக்கொள்ளும் பிரிவில் ஒரு பெண், தேன் குரல். ஸ்பீக்கரில் எல்லோரும் கேட்டோம்.

"எண்ணிக்கை சரியா இருக்கா சார்?"

"எண்ணிக்கை நாப்பது இருக்கும்மா. பதினேழுல மண்ணு இருக்கு."

"நாப்பதுன்னா நாப்பதே போட்டுருங்க சார். எங்க ஃபார்ம்ல எடைக்குக் கட்டமே இல்ல."

லாத்தா போனை வாங்கிக்கொண்டார். "மணல் வர்றது உங்களுக்கு முன்னாடியே தெரியுமாம்மா?"

"எல்லா ஊர்லேர்ந்தும் கொஞ்சம் வரும் மேடம். சில ஊர்லேர்ந்து செம்மண், சில ஊர்லேர்ந்து ஆத்து மணல்."

"எழுதினா என்ன ஆகும்?"

"நூறு தொண்ணூறாயிடும். தொண்ணூறுக்குப் பசுமைச் சான்றிதழ் தரமாட்டாங்க. நான் எழுதிப் பாத்தேன் மேடம். என்னை மூணு மாசம் வேற பிரிவுக்கு மாத்திட்டாங்க." குரலில் தேன் போய்விட்டது. "ஏதாவது பண்ண முடிஞ்சா பண்ணுங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

திருட்டுப் பார்த்திருக்கிறேன். திருட்டுக் கொடுத்தவனே எனக்கு ஒன்றும் போகவில்லை என்று சாதிக்கும் திருட்டை அன்றுதான் பார்த்தேன். போலீசுக்குப் போனால் முதல் கேள்வி, யாரப்பா புகார் கொடுக்கிறது என்பதாக இருக்கும்.

பதினேழு பெட்டியின் ஸ்டிக்கரிலும் ஒரே கையெழுத்து. நெரவி, சுரக்குடி பக்கத்துக் கடைகளிலிருந்து பழைய பேட்டரிகளை லோடு ஆட்டோவில் ஏற்றி வரும் அஸ்கர். நெரவியில் ஒரு டீக்கடை வாசலில் பிடித்தோம். ஓடுவான் என்று நினைத்து நான் செருப்பைச் சரியாக மாட்டிக்கொண்டேன். அவன் எங்களுக்கும் சேர்த்து டீ சொன்னான்.

"மணல் யார் நெரப்புனது?" என்றார் லாத்தா.

"சங்குத்திட்டுல லாத்தா. மீன்புடி தடைக்காலமில்ல? போட்டெல்லாம் கரையில நிக்கிது. ரெண்டு மாசமும் வலையப் பிரிச்சுக் கட்டுற வேலதான். வலை அடியில மூழ்க ஈயக்குண்டு வேணும். முன்னெல்லாம் ஈயக் கட்டி கடையில வாங்குவாங்க. இப்ப யாரு விக்கிறா? அவங்க தகட்ட எடுத்துக்குவாங்க, பெட்டிய ஒட்டித் தந்துடுவாங்க. எண்ணிக்கைக்கு எண்ணிக்கை."

"அது திருட்டுன்னு தோணலையா?"

"யாருக்கு என்ன கொறஞ்சுது லாத்தா? நஸ்ருதீன் காக்காவுக்கு நாப்பது வேணும், நாப்பது குடுக்கறேன். கம்பெனி சந்தோஷம். அவங்களுக்கு வலை சந்தோஷம்."

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் கஷ்டம். எந்தச் சங்கிலியில் எல்லோரும் சந்தோஷமோ, அங்கே ஒரு குழந்தைக்குத்தான் வயிற்றுவலி வரும்.

"ஒரு பிள்ளைக்குக் கொறஞ்சுது" என்றார் லாத்தா. "உருக்கறது யார் வீட்டுல?"

"எல்லா வீட்டுலயுந்தான். நான் கொண்டு போயி எறக்குறது சிதம்பரநாதன் வீட்டுல. அங்கேருந்து பிரிச்சுக்குவாங்க."

டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினோம். என் ஸ்கூட்டரின் பின்னால் லாத்தா உட்கார்ந்தார். நான் பேசிக்கொண்டே போனேன். தருமபுரத்துக்கும் சங்குத்திட்டுக்கும் நடுவே ஊரே இருக்கிறது, இங்கே உருகினால் அங்கே எப்படிப் போகும், இது வேறு கேஸ், நாம் வழி தவறிவிட்டோம் என்றேன். கத்திரி வெயிலில் என் குரல் எனக்கே நம்பிக்கையாக இல்லை.

சங்குத்திட்டு கடலை ஒட்டிய ஒற்றைத் தெரு. வாசலுக்கு வாசல் வலை விரித்துப் பெண்கள் குண்டு கோத்துக்கொண்டிருந்தார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. காற்று கடலிலிருந்து வந்தது. அதற்குள் இன்னொரு வாடையும் இருந்தது, காசை வாயில் போட்டுச் சப்பினால் வருமே, அது.

சிதம்பரநாதன் நாற்பது வயது ஆள். அகலமான தோள், கூச்ச சுபாவம். பின்கட்டில் சமையல் அடுப்புக்குப் பக்கத்திலேயே இன்னொரு அடுப்பு மூட்டி, இரும்புச் சட்டியில் ஈயத்தை உருக்கிக்கொண்டிருந்தார். மூலையில் திறந்த பெட்டிகள் அடுக்கியிருந்தன. அமிலத்தைக் கொட்டிய இடத்தில் மண் கறுத்துக் கிடந்தது. அங்கிருந்தே மணலை அள்ளிப் பெட்டியில் போடுகிறார்கள். பெட்டிக்குள் இருந்தது கொல்லைக்கு, கொல்லையில் இருந்தது பெட்டிக்கு. என் கூரியர் கம்பெனியில்கூட இவ்வளவு சுத்தமான பண்டமாற்று நடந்ததில்லை.

"உக்காருங்க" என்று பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டார். "ஈயம் வேணுங்களா? இந்த வாரம் தீந்துடுச்சு."

"தகட்ட அப்படியேவா சட்டியில போடறீங்க?" என்றார் லாத்தா.

"அதெப்படிங்க. அழுக்கு இருக்குமில்ல? பித்தளைக்குப் போடறாப்ல புளி போட்டுத் தேச்சிடுவோம். புளியில வெஷமெல்லாம் போயிடும். எங்க அப்பா கட்டி ஈயத்தையே புளி போட்டுத்தான் தேய்ப்பாரு."

தேய்ப்பது யார் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. கிணற்றடியில் நாலு பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் சாம்பல் நிறத் தகடுகள். ஒவ்வொரு கையிலும் ஒரு புளியுருண்டை. தேய்ப்பதும் விரலைச் சப்புவதுமாக வேலை நடந்தது. பள்ளிக்கூட விடுமுறை வேறு.

அதில் சின்னவளாக இருந்த பெண்ணின் பக்கத்தில் குந்தினேன். குழந்தைகளைப் பார்த்தால் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பது என் வியாதி.

"புளியத் தேய்க்கத்தான் குடுத்தாங்க. நீ பாதியத் தின்னுட்டா மாமா திட்ட மாட்டாரு?"

"திட்ட மாட்டாரு" என்றாள். "இந்தப் புளி இனிக்கும்."

"புளி எங்கயாவது இனிக்குமா?"

"நீங்க நக்கிப் பாருங்க. தேய்க்கறதுக்கு முன்னாடி புளிக்கும். தேச்சதுக்கப்புறம் இனிக்கும்."

ஈயம் இனிக்கும் என்று லாத்தா எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்து, என் வாய்க்குள் இருந்த அடுத்த தமாஷ் அங்கேயே செத்துப்போனது.

"ஒம் பேரு என்னம்மா?"

"பூவிழி."

வெண்மதி நீட்டிய தாளின் மேல்வரியில் இருந்த பெயர். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் லாத்தா என் பின்னால் நின்றிருந்தார். குழந்தையின் கையிலிருந்து புளியை மெதுவாக வாங்கினார்.

"நீ அடிக்கடி மாமா வீட்டுக்கு வருவியாம்மா?"

"சனி ஞாயிறெல்லாம் வருவேன். அம்மாவுக்குக் கடையில லீவு கெடையாது. இப்ப நெதமும் இங்கதான்."

டிப்போ காற்று படக்கூடாது என்று அண்ணன் வீட்டில் விட்ட பிள்ளை. எங்கேயிருந்து தூக்கினாளோ அது சுத்தமான இடம். எங்கே பத்திரப்படுத்தினாளோ அது இந்தக் கிணற்றடி.

நான் வெண்மதிக்குப் போன் செய்தேன். அண்ணன் வீட்டுக்கு வா என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. அரை மணியில் வந்துவிட்டாள். வண்டியை நிறுத்தும்போதே முகத்தில் ஒரு வெறி.

"கெடச்சிட்டானாங்க? யாருங்க? நானும் உங்களுக்குப் போன் பண்ணணும்னே இருந்தேன். போன வாரம் எடுத்த ரத்தத்துக்கு இன்னிக்கு ரிசல்ட் வந்துடுச்சு. நாப்பத்தாறு. ஒடனே ஆஸ்பத்திரியில சேக்கணுமாம். தூக்கிட்டு வந்தப்புறமும் ஏறுதுன்னா அந்த டிப்போக்காரன் எப்பேர்ப்பட்ட பாவியா இருப்பான்."

லாத்தா சொன்னார். சுற்றி வளைக்கவில்லை, ஒரு வார்த்தை கூட்டவில்லை. சந்தனக் கோட்டில் ஆரம்பித்துப் புளியில் முடித்தார். இத்தனை கேஸ்களில் அவர் துப்பை விளக்கும்போது நான் பெருமையாக நிற்பேன். அன்று காதைப் பொத்திக்கொள்ளலாம் போலிருந்தது.

வெண்மதி அண்ணனைப் பார்த்தாள். அடுப்பைப் பார்த்தாள்.

"நானே கொண்டாந்து விட்டேன்" என்றாள். "அழுதுச்சு, வரமாட்டேன்னுச்சு. நல்ல காத்துடின்னு சொல்லி விட்டுட்டுப் போனேன்."

சிதம்பரநாதன் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கினார். "எனக்குத் தெரியாது தங்கச்சி. அது ஆசையாத் தேய்க்கும். தின்னும்னு தெரியாது." தங்கையைத் தொடக் கை நீட்டியவர், தன் கையையே ஒருமுறை பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டார்.

அவள் அவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. கணவன் போனபிறகு அரிசி கொடுத்தது, பள்ளிக்கூடத்தில் சேர்த்தது எல்லாம் இந்த அண்ணன்தான். யார் மேல் புகார் கொடுப்பது? கம்பெனியில் நூற்றுக்கு நூறு. நஸ்ருதீனிடம் நாற்பதுக்கு நாற்பது. அஸ்கருக்கு யாருக்கும் குறையவில்லை. பிள்ளையின் கையையும் வாயையும் கிணற்றுத் தண்ணீரில் கழுவப் போனவள், அந்தத் தண்ணீரையும் கறுத்த மண்ணையும் பார்த்துவிட்டு வாளியை வைத்துவிட்டாள். தன் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து கழுவினாள். தூக்கி வண்டியில் வைத்தாள்.

"நேரா ஆஸ்பத்திரிக்குப் போ" என்றார் லாத்தா. "நான் பின்னாடியே வர்றேன்."

வண்டி தெருமுனை திரும்பும் வரை சிதம்பரநாதன் வாசலில் நின்றார். பிறகு கிணற்றடிக்குப் போய், மிச்சமிருந்த மூன்று பிள்ளைகளின் கையிலிருந்தும் புளியைப் பிடுங்கிப் போட்டார். மூன்றும் அவருடைய பிள்ளைகள். உள்ளே போனவர், தோளில் ஒரு கைக்குழந்தையோடு திரும்பி வந்தார். அது அடுப்படித் தூளியில் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

"பெரிய பிள்ளைங்க மூணு பேருக்கும் ரத்தம் பாத்துடறேங்க. சென்னைக்குத்தான் அனுப்பணும்னாலும் அனுப்பிடறேன்." குழந்தையின் தலையைத் தாங்கிப் பிடித்தபடி லாத்தாவிடம் குரலைத் தாழ்த்தினார். "இதுக்கு ஏழு மாசந்தாங்க ஆவுது. இதுக்கிட்டேருந்து எப்படிங்க ரத்தம் எடுப்பாங்க?"

அமீர் நிஷா கையை நீட்டி அந்தக் குழந்தையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். அதற்குள் பக்கத்து வாசலில் வலையைப் போட்டுவிட்டு ஒருத்தி இடுப்பில் பிள்ளையோடு வந்து நின்றாள். என்ன விஷயம் என்று அவளிடம் கேட்டுக்கொண்டே இன்னொருத்தி வந்தாள். தெருவின் கடைசி வீடு வரைக்கும் சேதி போய்விட்டது. ஒவ்வொருத்தியாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் முன்னால் நின்றார்கள், நாங்கள் ஏதோ மருந்து கொண்டு வந்திருக்கிறோம் என்று நினைத்து.